உன் உம்மாவின் வீட்டில் நான் விருந்தாளி

மகன், விமானம் ஏறுவதற்கு முன் இதை ஆறுதலாக இருந்து படித்துவிடு. போன கிழமை தொலைபேசியில் பேசியபோது, உம்மாவைக் கொழும்பில் நீ பார்த்து வைத்திருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றும், வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து வந்து இறங்கியதும் அதற்கான அலுவல்களைத் தொடங்கலாம் என்றும் சொன்னாய். நான் "பாப்பம்" என்றேன். அதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டாய் என்பது உன் குரலில் வந்த நிம்மதியிலேயே விளங்கியது. அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்த காலத்திலும் நான் இப்படித்தான் இருந்தேன். பொறியியலாளர் ஒரு வாய்க்காலைத் தவறான பக்கத்தால் வெட்டச் சொன்னால், அவர் முன்னால் தலையாட்டிவிட்டு, என் மேசைக்குத் திரும்பி வந்து, அது ஏன் சரிவராது என்று எழுதிக் கொடுப்பேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். உம்மாவை இந்த வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு, உன்னிடம் இதுவரை மறைத்து வைத்திருந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

உன் உம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. பெயர்களை மறக்கிறாள், அடுப்பை அணைக்க மறக்கிறாள் என்ற அளவில்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். நீ காணொளியில் பேசும்போது அவள் "ஓம் மகன்" என்று சொல்வதைக் கேட்டு நீ ஆறுதல் அடைந்தாய். நான் பக்கத்தில் நின்று "மகன் கதைக்கான்" என்று சொல்ல, அவள் "மகன்" என்பதை மட்டும் திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான். நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், ஒரு காலை, வழக்கம் போல் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். உம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். "இஞ்ச ஆம்புள ஆரும் வரப்படாது. ஊட்டுக்காரர் வெளியில போயிரிக்கார்" என்றாள். அதில் கோபம் இல்லை. தண்ணீர் வரி அறவிட வந்த ஒருவருக்குச் சொல்வது போல, மரியாதையாகச் சொன்னாள். நான் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. அன்றிலிருந்து என் படுக்கை பின்பக்கத்துச் சாமான் அறையில். இது மார்க்கத்தில் ஏதாவது சிக்கலா என்று பயந்து பள்ளிவாசல் மௌலவியிடம் ஒதுக்குப்புறமாகக் கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்து, "மறதியால நிக்காஹ் முறியாது காக்கா. அப்படி முறியிற எண்டா ஊர்ல பாதி ஆம்புளயள்ட நிக்காஹ், சாமான மறந்துட்டு வந்த கடையடியிலயே முறிஞ்சிருக்கும்" என்றார். சிரித்தேன். திரும்பி வரும் வழியில்தான், சிரித்ததைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்று நினைவுக்கு வந்தது.

உன் வாப்பா ஒழுங்கான மனிதன் என்று நீ அடிக்கடி கேலி செய்வாய். அந்த ஒழுங்கோடுதான் நான் இதையும் அணுகினேன். அவளுக்குத் தெரியவில்லை என்றால் நிரூபிக்க வேண்டும். அது என் கணக்கு. அலுமாரியிலிருந்து எங்கள் கலியாணப் படத்தை எடுத்துவந்து, கதவுக்கு வெளியே நின்று நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இது நான். இது என்ட மாப்பிள்ள" என்றாள். பிறகு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நீங்க அவர்ட வாப்பாவா?" என்று கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. சம்மாந்துறையிலிருந்து உன் பெரிய மாமாவைக் கூட்டிவந்தேன். கூடப் பிறந்த காக்காவை அவளுக்கு இன்னும் தெரிகிறது. அவர் வாயால் சொன்னால் நம்புவாள் என்று நினைத்தேன்.

மாமா கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, இவரத்தானே நாங்க உனக்குக் கட்டித் தந்த."

உம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "காக்கா, என்ன பேச்சு இது? எனக்குக் கலியாணம் முடிஞ்சி. என்ட மாப்பிள்ள இரிக்கார். என்னக் கேக்காம வேற ஆளக் கொண்டு வந்து இருத்தினா, அவர் வந்தா நான் என்ன மறுமொழி சொல்ற?"

"தங்கச்சி, அவர்தான் இவர்…"

"எங்கட வாப்பா மௌத்தாகின உடனே நீங்க இப்படிச் செய்வீங்க எண்டு நான் நினைக்கல காக்கா." அழத் தொடங்கினாள். கையெடுத்துக் கும்பிடாத குறை. உன் மாமாவும் அழுதார். நான் விறாந்தையில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். அன்று முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. பின்வாசல் கதவையும் முன்வாசல் கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். தன் கணவனுக்கு உண்மையாக இருப்பதற்காக அவள் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். இதை எப்படி உன்னிடம் தொலைபேசியில் சொல்வது?

அதற்குப் பிறகுதான், மருதமுனைப் பக்கம் ஒரு பெண்கள் சங்கத்தில் பராமரிப்பாளர் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். உம்மாவைக் குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க ஒரு பெண் வேண்டும். அதைக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம். பயிற்சி கொடுப்பவர் மட்டக்களப்பிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தாதி. எல்லோரும் மிஸி என்றே கூப்பிடுகிறார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆள் தரலாம் ஐயா. ஆனா வாற ஆள் என்ன செய்யிறா, ஏன் செய்யிறா எண்டு உங்களுக்கும் தெரியணும். உள்ளுக்கு வந்து இருங்க" என்றார். உள்ளே எல்லாம் பெண்கள். கல்முனைக்குடி, மருதமுனை, பாண்டிருப்பு என்று பல இடத்து ஆட்கள். முக்கால்வாசிப் பேர் வெளிநாடு போவதற்காகப் படிக்க வந்தவர்கள். நான் கதவோரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்தேன். நிஹாரா என்று ஒரு வாயாடிப் பெண் திரும்பிப் பார்த்து, "என்ன வாப்பா, நீங்களும் சவூதிக்கா?" என்றாள். வகுப்பே சிரித்தது. "சமைக்கத் தெரியுமா வாப்பா? அங்க சமைக்கவும் சொல்லுவாங்க." "பருப்பு மட்டும் தெரியும்" என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். மகன், அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது. அடுத்த வகுப்புக்கும் போனேன். பிறகு எல்லா வகுப்புக்கும் போனேன்.

அங்கே சொல்லிக் கொடுப்பவை பெரிய விஷயங்கள் போலத் தெரியாது. மறதி நோய் உள்ளவரிடம் பின்பக்கமாக வந்து கை வைக்கக் கூடாது. முன்னால் வந்து, முகம் காட்டி, பிறகு பேச வேண்டும். குளிக்க வார்க்கும்போது முதலில் துவாயைக் கையில் கொடுத்து, தண்ணீரைத் தொட்டுப் பார்க்க விட்டு, பிறகுதான் காலில் ஊற்ற வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் ஒரே நேரத்தில் பல கறிகளை வைத்துக் குழப்பக் கூடாது. எல்லாவற்றையும் விட எனக்குள் தைத்தது ஒன்று உண்டு. நம்முடைய ஊரில் சுகமில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் வாசற்படி ஏறும்போதே கேட்பார்கள்: "ராத்தா, என்னத் தெரியுதா? ஆரு சொல்லுங்க பாப்பம்." அன்பில்தான் கேட்கிறார்கள். மிஸி அதைக் கேட்கவே கூடாது என்றார். அது எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு, பாண்டிருப்பிலிருந்து வரும் சுகந்தியை நோயாளி போல் நடுவில் உட்கார வைத்தார். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்க வேண்டும். நிஹாரா முதலில் போய்க் குனிந்து, "என்னத் தெரியுதாகா? நான் ஆரு?" என்றாள். சுகந்தி தெரியாது என்றாள். "ஐயோ, என்னயே தெரியாதா? நல்லா யோசிச்சுப் பாருங்க." அடுத்தவள் வந்தாள். "என்னயாவது தெரியுதா?" இப்படியே கேட்டுக்கொண்டு போக, சுகந்தி திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னகா, நடிக்கிறியா?" என்றாள் நிஹாரா.

"நடிக்கத்தான் தொடங்கின. நீங்க கேக்கக் கேக்க எனக்கே பயம் வந்திட்டு" என்றாள் சுகந்தி. கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

நான் கதவோரத்தில் உட்கார்ந்து கலியாணப் படத்தை நினைத்துக்கொண்டேன். நானும் பரீட்சை வைத்திருக்கிறேன். பதில் சொல்லாதவளுக்கு, மேற்பார்வையாளராக அவளுடைய காக்காவையும் கூட்டிவந்திருக்கிறேன்.

மிஸி சொன்னதெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது என்று எழுதமாட்டேன். ஒருநாள் அவரே வந்து பார்த்துவிட்டு, "நீங்க வைத்தியர் எண்டு சொல்லிட்டு உள்ளுக்குப் போங்க ஐயா. வைத்தியரை ஆரும் தடுக்கமாட்டாங்க" என்றார். நான் முன்வாசலுக்குப் போய் நின்றேன். சலாம் சொன்னேன். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து உம்மா மறுமொழி சொல்லிவிட்டு, "ஆரு?" என்று கேட்டாள். வைத்தியர் என்ற சொல் வரவில்லை. "நீர்ப்பாசனக் கந்தோர்ல இருந்து வாறன்" என்றேன். அது உண்மைதானே, அங்கிருந்துதான் வந்தேன், ஓய்வூதியத்தோடு. உள்ளே குரல் மாறியது. "அப்படியா? எங்கட ஊட்டுக்காரரும் அங்கதான். அவர் வெளியில போயிரிக்கார். விறாந்தையில இருங்க, வந்திருவார்." இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரைச்சீலைக்குக் கீழால் ஒரு கை தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நான் பின்வாசலால் போய், ஒழுங்கையைச் சுற்றி, முன்வாசலுக்கு வந்து சலாம் சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஹனீபா ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன காக்கா, சொந்த ஊட்டுக்கே விருந்துக்கு வாறீங்களா? எங்களயும் கூட்டிட்டுப் போங்களன்" என்றான். அவனுக்கும் ஒரு சலாம் சொல்லிவிட்டு நடந்தேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து அவள் பேசுவாள். பெரும்பாலும் அவளுடைய மாப்பிள்ளையைப் பற்றி. "நல்ல மனிசன். ஆனா வாய் இல்ல. மீன் வாங்க அனுப்பினா, விலை கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு நிப்பார். மீன்காரன் பாவம் பாத்து அவனே ஒண்ட வெட்டிக் குடுப்பான்." இப்படிச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். "கந்தோர்ல பெரிய சேர்மார் அவர ஏசுறாங்களா?" என்று கேட்பாள். "இல்ல, நல்ல மதிப்பு" என்பேன். "அத அவர் சொல்றதில்ல" என்பாள். இன்னொரு நாள் இப்படிச் சொன்னாள்: "எனக்கு ஒரு மகன் இரிக்கான். கட்டாருக்குப் போயிட்டான். இவருக்கு அவன அனுப்ப விருப்பமில்ல. சொல்லுங்க, சொல்லுங்க எண்டு எத்தன தரம் நான் சொன்னன். பாப்பம், பாப்பம் எண்டே புள்ளய விமானத்துல ஏத்திட்டார்." நான் கோப்பையைக் கீழே வைத்தேன். இதை நான் உனக்குச் சொல்லும் நோக்கம் உன்னைக் குற்றம் சொல்வதல்ல. நீ போய் நன்றாக இருக்கிறாய். ஆனால் இந்த முறையும் நான் "பாப்பம்" என்று சொல்லிவிட்டு இருந்தால், அவள் இன்னொரு வாகனத்தில் ஏற்றப்படுவாள்.

பொழுது சாய்ந்தால் அவளுக்கு அவதி வந்துவிடும். "அவர் இன்னும் வரல. நீங்க வந்து போனீங்க எண்டு சொல்றன்" என்பாள். அதன் பொருள் எழும்பு என்பது. நான் எழுந்து முன்வாசலால் வெளியேறி, கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு, மஃரிப் தொழுதுவிட்டு, பின்வாசலால் என் சாமான் அறைக்குத் திரும்புவேன். அங்கிருந்து அவள் குரல் கேட்கும். ஒவ்வொரு சைக்கிள் சத்தத்துக்கும் "வந்திட்டார் போல" என்று சொல்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன்.

அவளோடு உள்ளே இருப்பவள் ஹம்சியா. கல்முனைக்குடிப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். பயிற்சியின் செய்முறைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவள். முதல் நாள் உம்மா அவளுடைய கையைத் தட்டிவிட்டு, சீப்பை எறிந்தாள். ஹம்சியாவும் பயந்துபோய்க் குசினிக்குள் நின்றாள். அடுத்த நாள் வந்து, ஒன்றும் செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து தன்னுடைய தலையைத் தானே வாரிக்கொண்டிருந்தாள். உம்மா பார்த்துவிட்டு, "தா, நான் பின்னிவிடுறன்" என்றாளாம். இப்போது உம்மா அவளைத் தன் தங்கை என்று நினைக்கிறாள். அவள் வார்த்தால் குளிக்கிறாள். அவள் பக்கத்தில் இருந்தால் சாப்பிடுகிறாள். வேறு யாரையும் கிட்ட விடுவதில்லை. ஹம்சியாவின் கடவுச்சீட்டு கொழும்பில் முகவர் கையில் இருக்கிறது. குவைத்தில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கப் போகிறாள். நேற்று அவள் வீட்டுக்குப் புறப்படும்போது, விறாந்தையில் வைத்துக் கேட்டேன்.

"மகள், போற எண்டு முடிவா?"

"என்ன வாப்பா செய்ற? அங்கயும் ஒரு உம்மாவப் பாக்கத்தான் போறன். இஞ்ச பாத்தா ஆரு சம்பளம் தாற?"

"வெள்ளிக்கிழம மகன் வாறான். அவன்ட்ட கேக்கிறன்."

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க கேப்பீங்களா வாப்பா? உங்கட ஊட்டுக்குள்ளயே சலாம் சொல்லிட்டு நிக்கிற ஆள்!"

"எழுதிக் கேக்கிறன்."

"அப்ப கெதியா எழுதுங்க. என்ட சின்னவள் இப்பவே கேக்கிறாள், உம்மா போனா தலை வாரிவிடுறது ஆரு எண்டு." சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

எனவே கேட்கிறேன். கொழும்பு இல்லத்துக்குக் கட்டலாம் என்று நீ வைத்திருக்கும் பணத்தை, ஹம்சியாவுக்கு மாதச் சம்பளமாகக் கொடு. அவளுக்கு ஓய்வு நாளில் மாறி வருவதற்கு நிஹாரா சம்மதித்திருக்கிறாள். "உம்மாவப் பாக்கிறதுக்கு ஓம், ஆனா வாப்பாட பருப்ப நான் தின்னமாட்டன்" என்பது அவளுடைய நிபந்தனை. அந்த இல்லம் நல்ல இடமாகவே இருக்கும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம்முடைய பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். இந்த வீடு அவளுடைய வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. நான் ஒரு பெட்டியோடு இங்கே வந்து ஏறியவன். அவள் என்னை மறந்தாள், நாளை ஹம்சியாவையும் மறக்கலாம், ஆனால் எந்த யன்னலைத் திறந்தால் காற்று வரும், எந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பேச வேண்டும் என்பதை அவள் மறக்கவில்லை. வந்தவரை இருக்கச் சொல்லவும், நேரமானால் போகச் சொல்லவும் அவளுக்கு இங்கே அதிகாரம் இருக்கிறது. கொழும்பில் அவளை யாரோ இருக்கச் சொல்வார்கள். எங்கள் இருவரில் ஒருவர் அந்நியராகத்தான் இருக்க வேண்டும் என்றால், அது நானாக இருக்கட்டும். வந்து ஏறிய வீட்டில் கொஞ்சம் ஒதுங்கி இருப்பது எனக்குப் பழக்கம்தான். நான் சொல்வது சரிதானா என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை. ஆனாலும் இம்முறை எழுதியதை அடித்து அழிக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை நீ வாசலுக்கு வந்ததும் சலாம் சொல்லிவிட்டு நில். மறுமொழி வரும் வரைக்கும் உள்ளே போகாதே. "உம்மா, என்னத் தெரியுதா?" என்று கேட்டுவிடாதே, வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி உன் நாக்கில் நிற்கும், விழுங்கிவிடு. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டாம். அவள் முக்காட்டை இழுத்தால் கொஞ்சம் தள்ளி உட்கார். பசிக்கிறது என்று சொல். யாரென்று தெரியாதவர் பசியோடு வந்தாலும் அவள் எழுந்து குசினிக்குப் போவாள். ஹம்சியா உள்ளே இருப்பாள். அவள் கண்ணைப் பார்த்து நடந்துகொள்.

உன்னை அவளுக்குத் தெரிந்தும் போகலாம். கட்டாரில் ஒரு மகன் இருக்கிறான் என்று சொன்னவள், அவன் குரலைக் கேட்டு எழும்பி வரவும் கூடும். அப்படி நடந்தால் சந்தோஷப்படு. என் பக்கம் திரும்பிப் பார்க்காதே. எனக்குப் பொறாமையாக இருக்கும். அது முகத்தில் தெரிந்தாலும் கண்டும் காணாதது போல் இரு. என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், இதுதான் வாப்பா என்று காட்ட உனக்கு ஆசை வரும். வேண்டாம் மகன். நான் விறாந்தையில்தான் இருப்பேன். வெளியில் இருக்கிறவர் யார் என்று அவள் உன்னிடம் கேட்டால், வாப்பாவைத் தேடி வந்தவர் என்று சொல். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வாப்பா